வெள்ளைச் சேலை மணப்பெண்ணும் இரண்டு வெளிச்சப் பெட்டிகளும்

போன வாரம் உங்களைப் பார்த்துப் போகலாம் என்று, அச்சுக்குப் படம் செய்து கொடுக்கும் உங்கள் ஆபீசுக்கு வந்தவளைப் பிடித்து உட்கார வைத்து, "ஆன்ட்டி, புது மானிட்டர் வாங்கப் போறோம், எது நல்லது?" என்று கேட்டீர்கள். ஒருவர் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். இதில் புள்ளி அதிகம், அதில் அதைவிட அதிகம், இன்னொன்றில் ஈயின் காலில் இருக்கும் முடிகூடத் தெரியும் என்றீர்கள். நான் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டேன்.

சொல்லப் பிடிக்காமல் இல்லை. என்னிடம் யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டுவிட்டால் போதும். நான் சொன்னதையே அவர்கள் வாங்கி, வந்த அன்றைக்கே அது புகைந்து, ஆபீசே காலியாகி, எல்லாரும் கடை வாசல் நடைபாதையில், அஞ்சடியில், நின்று என்னைத் திட்டுவது வரைக்கும் எனக்குள் படம் ஓடி முடிந்துவிடும். வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிட்டால், புகை வரும் நேரத்தில் நான் அங்கே இருக்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அட்டைப் பெட்டிமேல் அச்சடித்திருக்கும் எண்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் வேலை பார்த்த காலம் முழுக்க ஏதாவது ஒரு வெளிச்சமான கண்ணாடிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சில வருஷங்கள் உங்களைப் போலவே கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் வேறு வேறு பெட்டிகள். அதில் முதல் பெட்டியைத் தேர்ந்தெடுக்கப் பட்ட பாடுதான் இது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருஷம். நான் அக்காள் வீட்டில் இருந்தேன், காஜா பேராங்கு என்கிற பகுதியில். அக்காள் வீட்டுக்காரர், என் அத்தான், வீட்டின் முன்பக்கத்தையே கடையாக வைத்திருந்தார். கடைகளுக்குப் போர்டு எழுதுவார். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது சினிமா ஸ்லைடுதான். உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். படம் தொடங்குவதற்கு முன் நகைக்கடை, தையல்கடை, தலைவலித் தைலம் என்று திரையில் விளம்பரம் காட்டுவார்கள். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கையால் வரைந்து, வர்ணம் தீட்டி, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரத்தைக் கறுப்புத் தாளால் ஒட்டிக் கொடுப்போம். பின்னாலிருந்து விளக்கைப் பாய்ச்சினால் அது வீட்டுச் சுவரைவிடப் பெரிதாகத் திரையில் விரியும். கோடும் எழுத்தும் அத்தான் கை. வர்ணம் என் கை.

எங்கள் மானிட்டர் எது என்று கேளுங்கள். ஒரு மரப் பெட்டி. உள்ளே குண்டு பல்பு. மேலே தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி. அதன்மேல் ஸ்லைடை வைத்துக் குனிந்து தீட்டினால் மதியத்துக்குள் முகம் பாதி வெந்துவிடும். மழை நாளில் அக்காள் அதன் ஓரத்தில் அப்பளம் காய வைப்பாள். அத்தான் அப்பளத்தின் நிழலையும் சேர்த்து வரைந்துவிட்ட நாள்கூட உண்டு.

அந்த வருஷம் பண்டார் ஹிலிர் பக்கத்துத் தியேட்டரில் திரையை மாற்றிப் பெரிதாகப் போட்டார்கள். விளக்கையும் மாற்றினார்கள். பழைய விளக்கு எங்கள் பெட்டி பல்பைப் போலவே மஞ்சளாக எரியும். புது விளக்கில் இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று மின்னல் மாதிரி வெளிச்சம் நிற்கும். இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் பாட்டுக்கு ஒரு சேலைக்கடைக்கு ஸ்லைடு செய்து கொடுத்தோம். மாலை போட்ட மணப்பெண், மஞ்சள் பட்டு. வெளிர் மஞ்சள்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தபோது அவ்வளவு அம்சமாக இருந்தது.

அந்த ஸ்லைடு ஓடிய முதல் நாள் நானும் அக்காளும் தியேட்டரில் இருந்தோம். இரண்டு வரிசை முன்னால் சேலைக்கடைக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்தது. நகைக்கடை வந்தது, தைலம் வந்தது. அடுத்து எங்கள் மணப்பெண் வந்தாள். வெள்ளைச் சேலையில்.

கொஞ்சம் மங்கலான வெள்ளை என்றுகூடச் சொல்ல முடியாது. துவைத்துக் காயப்போட்ட வெள்ளை. கழுத்தில் மாலை, கையில் மருதாணி, உடம்பில் வெள்ளைச் சேலை, பனைமர உயரத்துக்கு.

கடைக்காரர் மனைவி "ஐயய்யோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். முன் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்: "என்னா லா, இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள மாப்பிள்ள போய்ட்டாரா?" கொட்டகையே சிரித்தது. இன்னொருவன், "சேல வாங்குனா மாப்பிள்ளைக்கு ஆபத்து!" என்றான். நான் நாற்காலிக்குக் கீழே போய்விட்டேன். அக்காள் என் காதைப் பிடித்துத் தூக்கி, "நீ ஒளிஞ்சா மட்டும் சேல மஞ்சளாயிடுமாடி?" என்றாள்.

வெளியே வரும்போது டிக்கெட் கொடுக்கும் செரானிப் பெண்மணி, போர்த்துக்கீசிய வம்சத்துக் கிறிஸ்தவர், அவர் மட்டும் என் தோளைத் தட்டி, "அந்தக் கல்யாணப் பொண்ணு ரொம்ப அழகு. எங்க சர்ச்சுல எல்லாரும் இப்படித்தான் நிப்பாங்க" என்று மலாயில் சொன்னார். அவர் ஒருவர்தான் அந்த ஊரில் எங்களைப் பாராட்டியது.

மறுநாள் மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டு அனுப்பினார். சீனர். சத்தம் போட மாட்டார், அதுதான் பயம். நானும் கூடப் போனேன். அவர் பேசியதும் மலாய்தான், தமிழர் யாராக இருந்தாலும் அண்ணே என்பதை "ஆனே" என்றுதான் கூப்பிடுவார்.

"ஆனே, எங்க ஆளுங்களுக்கும் வெள்ளை சாவு வீட்டுக்குத்தான். நேத்து பாதிப் பேரு பயந்துட்டான், மீதிப் பேரு சிரிச்சான். சேலைக்கடைக்காரன் என் மேசையில உக்காந்து அழுவுறான்."

அத்தான் அவரை முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்பார். "புது விளக்குதான், தவுக்கே, கெடுத்துருச்சு" என்றார்.

"விளக்கு என்னுது. ஸ்லைடு உன்னுது. மெர்டேக்கா அன்னைக்கு ஒரு ஸ்லைடு போடணும். புதுக் கொடி. பெரிய பெரிய ஆளுங்க குடும்பத்தோட வருவாங்க. அந்த நிலா, நட்சத்திரம் மஞ்சளா இருக்கணும். அது வெள்ளையா வந்தா நான் எங்க போயி ஒளியுறது? மெர்டேக்காவுக்கு முந்தின நாள் காலையில கொண்டா. நான் பாப்பேன். நல்லா இருந்தா எல்லா வேலையும் உனக்குத்தான். இல்லாட்டி இனிமே ஸ்லைடெல்லாம் சிங்கப்பூர்லேருந்து வரும்."

வரும் வழியில் அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஏறவில்லை. ஸ்லைடு வேலை போனால் கடையில் மிஞ்சுவது நாய் ஜாக்கிரதை போர்டு மட்டும்தான். அந்த வட்டாரத்தில் நாய் வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அக்காள், அவள் பிள்ளைகள், நான், எல்லாருக்கும் அந்த உள்ளங்கைக் கண்ணாடிதான் சோறு.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தான் தீர்ப்புச் சொன்னார்: "பாக்கியம், தப்பு உன் மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல. பெட்டி மேல. நல்ல பெட்டியா ஒண்ணு வாங்குறோம்."

சிங்கப்பூரிலிருந்து ஸ்டுடியோ சாமான் விற்கும் ஏஜெண்டு ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தடவை வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவந்தார்.

முதல் பெட்டி கல்யாணச் சீர் மாதிரி இருந்தது. தேக்கு மரம், பித்தளை மூலை, பால் மாதிரி கண்ணாடி. மேலே வளைந்த கையில் ஒரு பெரிய லென்சு. பாய் தன் தாடியிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கண்ணாடிமேல் வைத்தார். லென்சு வழியாகப் பார்த்தால் கயிறு.

"தம்பி, இதுல பாத்தா எறும்புக்குச் சொத்தப் பல்லு இருந்தாக்கூடத் தெரியும்" என்றார்.

அத்தான் தன் எழுத்து ஒன்றை வைத்துப் பார்த்தார். "அடேயப்பா! என் எழுத்தா இது? ஏ பாக்கியம், வந்து பாரு, எவ்வளவு கூர்மையா போட்டிருக்கேன்!" அக்காள் பார்த்தாள். பக்கத்துக் கோப்பிக் கடைக்காரர் பார்த்தார். கோப்பி குடிக்க வந்தவர்களும் கிளாசோடு வந்து பார்த்தார்கள்.

இரண்டாவது பெட்டி தகரம். சாம்பல் பெயிண்ட். லென்சு கிடையாது. உள்ளே பல்பின் கண்ணாடி நீலமாக இருந்தது. அதைப் போட்டதும் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. கோப்பிக் கடைக்காரர் முகம் அதில் நோயாளி மாதிரி தெரிந்தது. "இது எக்ஸ்ரே பாக்குற டாக்டருங்க கேட்டா குடுக்குறது. ஒங்களுக்குத் தேவப்படாது. சும்மா கூடக் கொண்டாந்தேன்" என்றார் பாய்.

என் கை சும்மா இருக்கவில்லை. தியேட்டரில் இருந்து திரும்பி வந்த அந்த மணப்பெண் ஸ்லைடு அலமாரியில் கிடந்தது. எடுத்துவந்து தேக்குப் பெட்டியில் வைத்தேன். தங்கத் தேர்! சேலை அப்படித் தகதகவென்று இருந்தது. அடுத்துத் தகரப் பெட்டியில் வைத்தேன். வெள்ளைச் சேலை. அதே பனைமரத்துப் பெண், உள்ளங்கை அளவில்.

"சீ!" என்றாள் அக்காள்.

"பாத்தியா?" என்றார் அத்தான். "இது பொண்ணையே விதவையாக்குது. எடுத்து மூடி வை."

நான் மெல்லக் கேட்டேன்: "அத்தான்… தியேட்டர்லயும் இப்படித்தான இருந்துச்சு?"

"அதத்தான் நானும் சொல்றேன். தியேட்டர்ல கெட்டுப்போச்சு. இதுலயும் கெட்டுப்போகுது. எதுல நல்லா இருக்குதோ அத வாங்காம, எதுல கெட்டுப்போகுதோ அத வாங்கச் சொல்றியா?"

கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே நியாயமாக இருந்தது. ஆனாலும், நாம் மறைத்து வைத்ததை இந்தத் தகரப் பெட்டி எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறதே என்ற பயம் போகவில்லை. பயத்தில் இன்னொரு சுத்தமான கண்ணாடியை, ஒன்றுமே தீட்டாததை, தேக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். அதுவும் மஞ்சளாக இருந்தது. வெறும் கண்ணாடி! அப்படியென்றால் நான் பார்த்த மஞ்சளில் பாதி என் வர்ணமே இல்லை, பல்பு போட்ட பிச்சை.

பாய் வியாபாரி. சண்டை வரும் இடத்தில் நிற்க மாட்டார். "ரெண்டும் இங்கயே இருக்கட்டும். மூவார், பத்து பஹாட் போய்ட்டுத் திரும்பி இந்த வழியாத்தான் வருவேன். ஒண்ணு எடுத்துக்கிட்டு ஒண்ணக் குடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் மானிட்டர் கடைக்குப் போனால் அங்கே எல்லாத் திரையிலும் கிளியும் மீனும் மல்லிகைத் தோட்டமும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அழகாக இருக்கத்தான் அதைப் போட்டிருக்கிறான். அதைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் செய்து, அச்சில் வந்து, கஸ்டமரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே ஒரு வேலை, அதை எடுத்துக்கொண்டு போங்கள். அச்சடித்த தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திரையில் அது அந்தத் தாளில் இருப்பதைப் போலவே மோசமாகத் தெரிகிறதோ, அந்தத் திரைக்கு முன்னால் நில்லுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இதை இன்றைக்கு இப்படி எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு எனக்கு இவ்வளவு தெளிவு இல்லை. அத்தான் என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து வளர்த்தவர். அவர் தேக்கு என்றால் தேக்கு. ஆனால் அக்காள் குறுக்கே வந்தாள். "ரெண்டு பெட்டி இருக்கு, ரெண்டு பேரு இருக்கீங்க. ஆளுக்கொரு கொடி போடுங்க. எது நல்லா வருதோ அது. வீட்டுல சத்தம் போடாதீங்க, புள்ளைங்க படிக்குது."

அப்படியே ஆயிற்று. மேனேஜர் கொடுத்த கொடிப் படத்தை ஒரு தாளில் அளவாக வரைந்துகொண்டோம். அதே தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, அத்தான் தேக்குப் பெட்டியில் ஒன்று, நான் தகரப் பெட்டியில் ஒன்று. கோடு போடுவது என் வேலை இல்லை. ஆனாலும் அந்தத் தடவை நானே, மை இல்லாமல் வர்ணத் தூரிகையாலேயே போட்டேன்.

அத்தானைப் பார்க்க வேண்டுமே! லென்சுக்குள் மூக்கை நுழைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையையும் ஊசி மாதிரி சீவினார். சாப்பிடக் கூப்பிட்டால் லென்சிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தார். நிலாவுக்கு வர்ணம் போடும்போது, "போன தடவ கம்மியாப் போச்சு. இந்தத் தடவ தூக்கலாப் போடுறேன்" என்று சொல்லிப் போட்டார். அவர் பெட்டியில் அது நன்றாகத்தான் இருந்தது. எந்த வர்ணமும் அந்தப் பெட்டியில் நன்றாகத்தான் இருக்கும்.

நான் தகரப் பெட்டிக்கு முன்னால் அழாத குறை. எதைப் போட்டாலும் அசிங்கமாக இருந்தது. மஞ்சளைக் கொஞ்சம் போட்டால் வெள்ளை, கொஞ்சம் கூடினால் பழுப்பு. போட்டேன், பஞ்சால் துடைத்தேன், மறுபடி போட்டேன். நிலாவின் மஞ்சளும் கொடியின் நீலமும் ஒருவழியாகக் கண்ணுக்கு ஒத்துப்போன நேரத்தில் என் நட்சத்திரத்தைப் பார்த்தேன். லென்சு இல்லாமல், கோட்டுக்குப் பழகாத கையால் போட்ட முனைகள். எனக்கு நட்சத்திரமாகத்தான் தெரிந்தது. தெரியவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

மெர்டேக்காவுக்கு முந்தின நாள் காலை, மேல் கண்ணாடி ஒட்டாமலே இரண்டு ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனோம். மேலே மிஷின் அறையில் ஆப்பரேட்டர் இருந்தார். எங்கள் காஜா பேராங்கிலேயே சிட்டிக் கம்பம் என்கிற குடியிருப்புக்காரர், பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த ஊரோடு கலந்துபோன தமிழ் வியாபாரிகளின் வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங். பார்த்தால் தமிழில் பேசலாம் போல இருக்கும். தமிழ் வராது, வீட்டிலும் மலாய்தான். தினமும் காலையில் அவர் விளக்கைத் துடைத்துக் கொஞ்ச நேரம் எரித்துப் பார்ப்பார். அந்த நேரத்தைத்தான் மேனேஜர் எங்களுக்குக் கொடுத்திருந்தார். மேனேஜர் கீழே காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். மிஷின் அறையின் சின்ன ஜன்னல் வழியாக நாங்கள் திரையைப் பார்த்தோம்.

முதலில் அத்தானுடையது. கோடு என்றால் கோடு! ஒவ்வொரு பட்டையும் கயிறு பிடித்த மாதிரி. நட்சத்திரத்தின் முனையில் கையை வைத்தால் குத்தும். ஆனால் நிலா பப்பாளி நிறம். நன்றாகப் பழுத்த பப்பாளி.

கீழேயிருந்து, "ஆனே, அது நிலாவா பழமா?" என்று சத்தம் வந்தது.

அடுத்து என்னுடையது. நிலா மஞ்சள். நீலம் நீலம். சிவப்பு சிவப்பு.  அப்புறம் நட்சத்திரத்தைப் பார்த்தேன். முனைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கரைந்து, ஓரம் மொறுமொறுவென்று வெந்து, நடுவில் உப்பிக்கொண்டு ஒரு பொரித்த முட்டை.

"இப்ப பழத்தோட முட்டையா?" என்றார் மேனேஜர். எழுந்து நின்றுவிட்டார். "போதும். நான் சிங்கப்பூருக்குப் போன் பண்றேன். அவங்க அவசரமா ஏதாவது அனுப்பட்டும்."

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்துத் திரும்பினார். "முனை எங்க இருக்கணும்னு உனக்குத் தெரியுமா? பாரு! இங்க! இங்க இருக்கணும்!" என்று சொல்லி, தன் கண்ணாடியை எடுத்து, மிஷினில் இருந்த என் கண்ணாடிக்கு மேலேயே வைத்து அழுத்தினார். ஆப்பரேட்டர் "ஆலாமாக்!" என்று அவர் கையைப் பிடிக்கப் போனார்.

நான் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தேன். நிலா இருட்டிப்போய்க் கறுப்புப் பப்பாளியாக இருந்தது. இரண்டு வர்ணம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அப்படித்தான். ஆனால் என் பொரித்த முட்டைக்கு முனைகள் முளைத்திருந்தன. அத்தான் கோடு போட்ட முனைகள். ஒரே தாளை வைத்து வரைந்ததால் அச்சாகப் பொருந்திப்போய் உட்கார்ந்திருந்தன.

அத்தானின் கோடுகள் தண்ணீருக்குப் போகாத கறுப்பு மையில் போட்டவை. வர்ணம் ஈரப் பஞ்சுக்குப் போய்விடும். அவர் வர்ணத்தைக் கழுவிவிட்டால் போதும். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

நினைத்துப் பாருங்கள். கீழே மேனேஜர் வாசலை நோக்கி நடக்கிறார். பக்கத்தில் வெளியாள் ஒருவர் நிற்கிறார். எனக்குச் சோறு போட்டு வளர்த்த மனிதரிடம், நீங்கள் ராப்பகலாகச் செய்ததை உங்கள் கையாலேயே அழித்துவிடுங்கள் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் என்னவாவார், வீட்டில் அக்காள் முகத்தை எப்படிப் பார்ப்பேன், ஊரில் என்ன பேசுவார்கள் என்று வழக்கம்போல எனக்குப் படம் ஓடத் தொடங்கியது. ஆனால் மேனேஜர் வாசல் திரையில் கை வைத்துவிட்டார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்கிற படம் அதைவிடப் பயங்கரமாக இருந்தது.

"அத்தான், ஒங்க கோடு தங்கம். கலர மட்டும் கழுவிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எனக்கு அடி விழும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் ஆப்பரேட்டரிடம் பஞ்சுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலில் தலையை விட்டு, "தவுக்கே! கொஞ்சம் இருங்க! ஒரு நிமிஷம்!" என்று கத்தினார். அப்புறம் தன் நிலாவைத் தானே துடைத்தார். ஓரம் ஓரமாக, கோட்டின்மேல் பஞ்சு படாமல்.  எனக்குத் தெரிந்து அத்தான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறு எதுவும் இல்லை.

அவருடைய கண்ணாடி அடியில், என்னுடையது மேலே. அவரே பொருத்தினார். ஆப்பரேட்டர் வாங்கி, "ஜாங்கான் பெகாங்" என்று எங்கள் இருவர் கையையும் தள்ளிவிட்டார். இனித் தொடாதே என்று அர்த்தம். சட்டத்தில் மாட்டி, லென்சைத் திருகித் திருகி, கோடு கூர்மையாகும் இடத்தில் நிறுத்தினார். இன்னொரு கண்ணாடியில் இருந்த என் வர்ணம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. கோடு கூராக இருந்தால், வர்ணமும் அதற்குள் ஒழுங்காக இருப்பதாகக் கண் நம்பிக்கொள்ளும்.

திரையில் கொடி வந்தது. கீழே நடை நின்றது.  நான் சிங்கப்பூர் வண்டியில் ஏறி அங்கே பாத்திரம் தேய்ப்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

"ஆனே," என்றார் மேனேஜர் கீழேயிருந்து. "பாகுஸ். நல்லா இருக்கு. நாளைக்கு இதத்தான் போடணும். வேற எதையும் போடாத. அந்தச் சேலைக்காரனுக்கும் புதுசா ஒண்ணு பண்ணிக் குடு. அவன் என் மேசைய விட்டுப் போவணும்."

மறுநாள் மாலைக் காட்சிக்கு உட்கார இடமில்லை. கொடி வந்ததும் முன் பெஞ்சிலிருந்து "மெர்டேக்கா!" என்று ஆரம்பித்த சத்தம் பின்னால் வரைக்கும் போயிற்று. பின்வரிசையில் கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் எழுந்து நின்றார்கள். செரானிப் பெண்மணி டிக்கெட் அறையை விட்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள். நான் மட்டும் மேலே இருந்த கண்ணாடியில் யார் விரலாவது பட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் திரும்பி வந்தபோது அத்தான் இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். தேக்குப் பெட்டியைத் துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். பாய் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல தம்பி? பெரியதுதான?"

"பெரியத நீங்களே எடுத்துக்கங்க பாய். அந்த லென்ச மட்டும் தனியாக் குடுப்பீங்களா? கையில புடிக்கிற மாதிரி இருந்தாக்கூடப் போதும்."

"லென்சு தனியா இருக்கு. ஆனா இந்தத் தகரத்தையா வாங்குறீங்க? பொண்ண வெள்ளச் சேலையில காட்டுதுன்னு திட்டுனீங்களே!"

அத்தான் தேக்குப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "இது எத வச்சாலும் அழகுங்குது பாய். கல்யாணத்துக்கு முந்தி பாக்கியத்தோட அக்கா என்னப் பாத்தா பாருங்க, அந்த மாதிரி. கேக்க நல்லா இருக்கு, தொழிலுக்கு ஆகாது. தகரம் இருக்கே, அது கல்யாணத்துக்குப் பெறகு பாக்குற மாதிரியே பாக்குது."

பாய் சிரித்துக்கொண்டே சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தகரப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். அந்த ஆஸ்பத்திரி வெளிச்சம் அத்தான்மேல் விழுந்தது.

"சட்டையக் கழட்டுங்க," என்றாள். "காலரு எப்படி இருக்குன்னு பெட்டி சொல்லிருச்சு."